மனுவில் நான் அடித்துவிட்ட வரி

அன்பு நைனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய கட்டு புதன்கிழமை கூரியரில் வந்தது. உன் புத்தகத்தின் புரூஃப் தாள்கள், அதற்கு மேலே கிளிப் போட்டு நீ கையால் எழுதிய ஒரு பக்கம். "அம்மா, இதெல்லாம் கட்டுரை எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் சொற்கள். முதலில் இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைப் படி. தப்பு இருந்தால் வருகிற வெள்ளிக்குள் சொல், அதன்பிறகு அச்சுக்குப் போகிறது" என்று எழுதியிருந்தாய். தப்பு இருக்கிறது. அது எழுத்துப் பிழையா, வேறு பிழையா, உன் பிழையா, என் பிழையா என்று நாலு நாளாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். நீ "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டதும் வஞ்சிரம் விலை ஏறிப்போன கதையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு எழுதுவதில்தான் தைரியம். அது உனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தால் வந்த வினை உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் சொற்களைப் பற்றி. நீ காலேஜில் கட்டுரை எழுதப் பாடம் எடுக்கப்போகிறேன் என்றபோது, "எழுத வருகிறவன் எழுதிவிட்டுப் போகிறான், இதற்கு ஒரு வாத்தியாரா" என்று கிண்டல் செய்தவள் நான். இப்போது அந்தத் தாளை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி நானே உட்கார்ந்திருக்கிறேன். முதல் சொல்லிலேயே தகராறு. 'புனைவல்லாத எழுத்து' என்று போட்டிருக்கிறாய். கத்தரிக்காய் அல்லாத காய் என்று யாராவது ஒரு காய்க்குப் பெயர் வைப்பார்களா? சரி, எதிரே 'நடந்ததை நடந்தபடி சொல்வது' என்று அர்த்தம் இருந்ததால் விட்டுவிட்டேன். பேசுபவர், கேட்பவர், தருணம், நோக்கம் இந்த நாலும் உடனே புரிந்தது. பால்வாடியில் ஒரு குழந்தைக்குச் சத்துமாவு ஊட்டவே இந்த நாலும் வேண்டும். தொனியும் புரிந்தது. கூற்று என்பது நாம் நிலைநாட்ட நினைப்பது, சான்று என்பது அதைத் தாங்கிப் பிடிப்பது, அதுவும் சரி. 'உணர்ச்சி முறையீடு' என்ற சொல்லுக்கு எதிரே 'கேட்பவரின் மனதை இளக்கிச் சம்மதிக்க வைப்பது' என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

முதல் கட்டுரையே என்னைப் பற்றியது என்று நீ சொல்லவில்லை. 'அம்மாவின் மனு' என்ற தலைப்பைப் பார்த்ததும் வெட்கம் வந்தது, பெருமையும் வந்தது. உன் அப்பா ஹார்பரிலிருந்து வந்து லுங்கி மாற்றிக்கொண்டிருந்தார். அவருக்குச் சத்தமாகப் படித்துக்காட்டினேன். நான் இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டி வருவது, ஜல்லியில் கால் இடறி விழுவது, முட்டி கிழிந்து ரத்தம் புடவையில் ஊறுவது, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு "கொடம் ஒடையல, அது போதும்" என்று சிரிப்பது, நீ பக்கத்தில் நின்று அழுவது. எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாய்! அந்தப் பக்கம் முடிவதற்குள் நான் அழுதுவிட்டேன். "இன்னா, நீயே வுழுந்து நீயே அழுவுற?" என்றார் உன் அப்பா. அப்புறம் லுங்கியை முடிந்துகொண்டே, "ஆமா, நீ எப்ப வுழுந்தே?" என்று கேட்டார். நான் முட்டியைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் கிடையாது. நான் எங்கேயும் விழவில்லை, நைனா. அன்றைக்கு விழுந்தது எதிர்வீட்டு ஸ்டெல்லாக்கா. உன் ஸ்டெல்லா பெரியம்மா.

இதைப் பொய் என்று சொல்லவும் எனக்கு வரவில்லை. நீ அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். எங்கள் இரண்டு பேர் பின்னாலும் ஒரு சின்னக் குடத்தோடு நடந்து வருவாய். யார் விழுந்தார்கள் என்பது உன் மனதில் இடம் மாறியிருக்கலாம். உன் தாளில் 'சம்பவம்' என்ற சொல்லுக்கு 'கேட்பவர் கண்முன் நிறுத்துவதற்காகச் சொல்லும் உண்மை நிகழ்ச்சி' என்று இருக்கிறது. நிகழ்ச்சி உண்மை, முட்டிதான் வேறு. அப்படியானால் அது உண்மையா? அது பொய் என்றால் நான் அழுதது எதற்காக? எனக்கு நடக்காத ஒன்றுக்காக நானே அழுதிருக்கிறேன் என்றால், கோயம்புத்தூரில் முன்பின் தெரியாதவன் படித்தால் எவ்வளவு அழுவான்? இதில் எனக்குக் கோபப்படுவதா உன்னை மெச்சுவதா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

அதையாவது விட்டுவிடலாம். கட்டுரையின் நடுவே ஒரு வரி இருக்கிறது: 'அந்த ஒரு மனு எங்கள் தெருவைக் காப்பாற்றியது.' கடைசியில், பிறகு சாலை அகலமானதையும் ரோட்டுப் பக்கத்துப் பதினோரு குடும்பங்கள் லாரி ஏறிப்போனதையும் எழுதிவிட்டு, 'அதிகாரம் ஏழைகளின் சொல்லைக் காதில் வாங்காது' என்று முடித்திருக்கிறாய். நான் அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். காதில் வாங்கியது, நைனா. நான் எழுதிய சொல்லை எழுத்துக்கு எழுத்து வாங்கி, பத்திரமாகக் கோப்பில் வைத்திருந்து, நேரம் வந்தபோது எடுத்து எங்கள் முன்னாலேயே நீட்டியது. புத்தகம் வெளியிடும் நாளில் அந்தப் பதினோரு குடும்பத்தையும் வேன் வைத்து அழைத்துவரப் போகிறாய், முதல் பிரதியை ஸ்டெல்லாக்கா கையில் கொடுக்கப்போகிறாய் என்று நீ கையால் எழுதிய பக்கத்தின் அடியில் படித்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நம் திருவொற்றியூர்த் தெரு அப்போது எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். ரோட்டுப் பக்கம் பதினோரு வீடு, கடல் பக்கம் பதினாலு வீடு, நடுவில் இரண்டு சைக்கிள் ஒன்றை ஒன்று உரசாமல் போகிற அளவுக்கு வழி. நாம் கடல் பக்கம். பார்ப்பதற்கு எல்லா வீடும் ஒரே மாதிரி ஆஸ்பெஸ்டாஸ்தான். ஆனால் நம் வரிசை புறம்போக்கு. ரோட்டுப் பக்கத்து வரிசை அவர்கள் பெரியவர்கள் ஓர் உப்பளக்காரரிடம் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய மனை. பதிவு செய்யாத தாள். ஸ்டெல்லாக்கா அதை மாதா படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தது. தண்ணீர் மட்டும் இரண்டு வரிசைக்கும் கிடையாது. லாரி வந்தால் வரும், வராவிட்டால் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் அடிபம்பில் அடித்துக்கொண்டு வர வேண்டும். லாரி வருகிற நாளில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு முடியைப் பிடித்துச் சண்டை போடுவோம். மறுநாள் அதே கைகளால் ஒருவருக்கொருவர் பேன் பார்ப்போம். அப்படி ஒரு சண்டை முடிந்த சாயங்காலம்தான் ஸ்டெல்லாக்கா, "இன்னா டீச்சரு, சொம்மா கத்திகினு கீறோம். நீதான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவ. ஒரு மனு போடு. தெருவே கையெழுத்து போடும்" என்றது. பத்தாவது பாஸ் செய்த பால்வாடி டீச்சர் என்பதால் ரேஷன் கார்டு, சாவு சான்றிதழ், பள்ளிக்கூட டி.சி. எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மனுவை இரண்டு நாள் எழுதினேன். அப்போது ஸ்டெல்லாக்கா வாசலில் மீன் கழுவிக்கொண்டே, "எங்க வரிசை வாங்குன எடம்னு எழுது டீச்சரு. அப்பால யாரும் மாத்திப் பேசக் கூடாது" என்று சொன்னது. நானும் எழுதினேன். 'எங்களில் பதினோரு குடும்பத்தினர் விலைக்கு வாங்கிய மனையில் குடியிருக்கிறோம்' என்று ஒரு வரி, அழகான கையெழுத்தில். அதை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் டைப் அடிக்கிறவரிடம் போனேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு முழுவதும் படித்தார். "இந்த வரி எதுக்கும்மா?" என்றார். "மனை வெச்சிருக்கறவன் பைப்பு போட்டுக்க மாட்டானான்னு உள்ளே கேப்பாங்க. ஏழைன்னா ஏழைன்னு எழுதணும். பாதி ஏழைன்னு எழுதினா யார் மனசு எறங்கும்?" என்றார். மனு என்றாலே அப்படித்தான், நைனா. வீட்டில் டிவி இருந்தாலும் கஞ்சிக்கு வழியில்லை என்றுதான் எழுதுவோம். கால்கடுக்க நிற்கிறோம், கண்ணீரோடு கேட்கிறோம், தாயுள்ளத்தோடு பார்க்க வேண்டுகிறோம். எல்லாரும் எழுதுகிறார்கள், நானும் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அவர் பேனாவைக்கூட நீட்டவில்லை. என் பேனாவால்தான் அந்த வரியை அடித்தேன். அடித்ததோடு நிற்காமல், 'நாங்கள் அனைவரும் அரசுப் புறம்போக்கில் குடிசை போட்டுப் பிழைக்கும் ஏழைகள்' என்று மேலே சேர்த்து எழுதினேன். எழுதியதைப் படித்தபோது மனு சட்டென்று உயிர் வந்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தை உன்னிடம் மறைக்க முடியாது. நீயும் எழுதுகிறவன். ஒரு வரியை எடுத்ததும் மற்ற வரியெல்லாம் நிமிர்ந்து நிற்குமே, அந்தச் சந்தோஷம்.

கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் மனுவைத் தெருவில் நின்று படித்துக்காட்டுவது நம் வழக்கம். படிக்காத மனுவில் யாரும் கை வைக்க மாட்டார்கள். விளக்குக் கம்பத்தடியில் ஸ்டூல் போட்டு மை டப்பாவை வைத்துவிட்டு, டைப் அடித்த தாளை ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். குடம் தூக்கும் இடத்தில் நாலு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். புறம்போக்கு என்ற இடம் வந்ததும் வேகமாகப் படித்துவிட்டுப் போய்விட்டேன். ஒரு மூச்சு, அவ்வளவுதான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டெல்லாக்காதான் முதல் கையெழுத்து. ஆறு மாதத்தில் தெருமுனையில் குழாய் வந்தது. முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டியபோது ஸ்டெல்லாக்கா குழாய்க்குச் சாமந்தி மாலை போட்டு என்னை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தியது. "டீச்சரு எழுத்துக்குத்தான் தண்ணி வந்துச்சு" என்று தெருவெல்லாம் சொன்னது. நீ கட்டுரையில் எழுதியிருக்கும் அந்த நாள் பொய் இல்லை. அந்த நாள் அப்படியேதான் நடந்தது. அந்த வரியை அடிக்காமல் விட்டிருந்தால் குழாய் வந்திருக்குமா வந்திருக்காதா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வந்திருக்கும் என்றும் தோன்றுகிறது, வந்திருக்காது என்றும் தோன்றுகிறது.

அப்புறம் நீ பன்னிரண்டாவது படிக்கும்போது ரோட்டை அகலப்படுத்த அளந்தார்கள். சிவப்புப் பெயிண்டால் ரோட்டுப் பக்கத்து வரிசையில் மட்டும் குறி போட்டார்கள். சொந்த மனை என்றால் அதற்கு ஈட்டுப் பணம் உண்டு, பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். புறம்போக்கு என்றால் அவர்கள் காட்டுகிற இடத்துக்குப் போக வேண்டும். அதே தாலுகா ஆபீஸில் நடந்த விசாரணைக்குப் போன ஸ்டெல்லாக்கா துணைக்கு என்னைத்தான் கூப்பிட்டது. அந்தப் பிளாஸ்டிக் கவரைப் பிரித்து முத்திரைத்தாளை மேஜையில் வைத்தது. அதிகாரி கோபக்காரர் இல்லை. பொறுமையாகத்தான் பார்த்தார். கோப்பைப் புரட்டி என் மனுவை எடுத்து, தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். "நீங்களே புறம்போக்குன்னு எழுதி, நீங்களே முதல் கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா" என்றார். ஸ்டெல்லாக்கா என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் தாளை மடித்துக் கவரில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டது. நான் வாயே திறக்கவில்லை. "அந்த வரி நான் போட்டது சார், இவங்க சொன்னது வேற" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாரோ மாட்டாரோ, சொல்லியாவது இருக்கலாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சக்கர கம்மி" என்றது. இரண்டு மாதத்தில் அத்திப்பட்டுப் பக்கம் ஒதுக்கிய இடத்துக்கு லாரி கிளம்பியது. நீ அன்றைக்குப் பரீட்சைக்குப் போயிருந்தாய். விலைக்கு வாங்கியவர்கள் போனார்கள், புறம்போக்கில் இருந்த நாம் இன்னும் இங்கேயே இருக்கிறோம்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் நிறைய. உன் தாளில் 'எதிர்வாதம்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதில் நான் கெட்டிக்காரி. பதிவு செய்யாத தாள், எப்படியும் செல்லாது என்று உன் அப்பா சொல்லுவார். "அத்தயே நெனச்சிகினு பேஜாராவாத. கோர்ட்டுக்குப் போனாலும் நிக்காது" என்பார். இருக்கலாம். டைப் அடிக்கிறவர் சொல்லித்தானே அடித்தேன் என்று இருக்கும். படித்துக்காட்டித்தானே கையெழுத்து வாங்கினேன் என்று இருக்கும். குழாய்த் தண்ணீரை எல்லாரும்தானே குடித்தார்கள் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன், நினைத்ததும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவு வருஷம் இந்த வாதங்களை மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கேட்பவரும் நான்தான், பேசுபவரும் நான்தான். அதற்கு உன் தாளில் ஒரு சொல் இல்லை. இருந்தால் எழுதி அனுப்பு.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று யோசித்தேன். இருந்தாலும் அம்மா ஆயிற்றே, சொல்லத்தான் செய்வேன். மனதை இளக்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. இளகாத மனதிடம் தண்ணீர் கேட்டுப் பார்த்தவள் நான். ஆனால் எழுதும்போது ஒரு வரியை எடுத்ததும் கட்டுரை அழகாகிவிட்டது என்றால், அந்த வரி யாருடையது என்று ஒரு தடவை பார். ஸ்டெல்லாக்காவின் மனையை நான் எடுத்தேன். நீ அதன் முட்டியை எடுத்து எனக்கு ஒட்டவைத்திருக்கிறாய். என் பிள்ளைதான் நீ, சந்தேகமே இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்புக்கூட வருகிறது. அப்படியானால் எதையும் எடுக்காமல் எப்படி எழுதுவது என்று நீ கேட்பாய். தெரியவில்லை, நைனா. மனு ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும், அதிகாரிக்கு நேரம் இல்லை, கட்டுரைக்கும் ஏதோ ஓர் அளவு இருக்கும். எல்லாவற்றையும் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.

அதனால் நேற்று காலையில் புரூஃப் தாளைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறி ஸ்டெல்லாக்கா வீட்டுக்குப் போனேன். லாரி போன பிறகு ஒரு கல்யாணத்துக்கும் ஒரு சாவுக்கும்தான் அங்கே போயிருக்கிறேன், இரண்டிலும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு வந்துவிட்டேன். ஸ்டெல்லாக்கா கொடியிலிருந்த துணியை உதறி உதறி மடித்துக்கொண்டிருந்தது. "இன்னா டீச்சரு, தனியா வந்துகீறே? புள்ளைக்குப் பொண்ணு பாத்துட்டியா?" என்றது. நீ போன் பண்ணி மேடைக்குக் கூப்பிட்ட விஷயத்தை அதுவே சொன்னது. புதுப் புடவைகூட எடுத்துவைத்திருந்தது, எனக்கு எடுத்துக் காட்டியது. "அதுல இன்னா எழுதிகீது, படி" என்றது. நான் படித்தேன். முட்டி வந்த இடத்தில் கெக்கெக்கென்று சிரித்து, புடவையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, "இத்தயா உனுக்குக் குட்த்துட்டான் என் புள்ள?" என்றது. குழாய்க்கு மாலை போட்ட இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டது. 'அந்த ஒரு மனு எங்கள் தெருவைக் காப்பாற்றியது' என்று படித்ததும் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தது.

"எந்தத் தெருவ?" என்றது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வரியை எழுதியது, அடித்தது, என் பேனாவாலேயே அடித்தது, மேலே சேர்த்தது, படிக்கும்போது வேகமாகப் போனது, அதிகாரி முன்னால் வாய்மூடி உட்கார்ந்திருந்தது. அப்புறம், "கம்பத்தடியில அந்த எடத்துல நீ வண்டிய வேகமா ஓட்டுனே, நான் பாத்துகினுதான் இருந்தேன்" என்றது. "காதுல வுழுந்துச்சு டீச்சரு. புறம்போக்குன்னு படிச்சே. எங்குளுத எழுதலியேன்னு கேக்க வாயத் தொறந்தேன். அப்பால கொடம் ஞாபகம் வந்துச்சு. தண்ணி வந்தா போதும்னு நானே மொதோ கையெழுத்தப் போட்டேன். அத்தனால உன்ன நான் இன்னான்னு கேக்கறது?" என்றது. நான் அழுதேன். "அழுவாத. நான் அத்துக்குக் கோச்சிக்கல" என்றது. மடித்த துணியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "இவ்ளோ வர்ஷமா நீ வந்து ஒரு வார்த்த சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தேன். அதுக்குத்தான் கோவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சோறு போட்டது. சாப்பிட்டேன். சாப்பிடாமல் வந்தால் இன்னும் கோபித்துக்கொள்ளும்.

கிளம்பும்போது கேட்டேன், "அக்கா, நடந்ததை எல்லாம் எழுதி அவன் புத்தகத்திலேயே போடச் சொல்கிறேன், சரியா?" என்று. வேண்டாம் என்று தலையை ஆட்டியது. "நீ எழுதாத டீச்சரு. எழுதுனா நல்லா எழுதிப்புடுவ. படிக்கறவன்லாம் உனுக்காவ அழுவான், எனுக்காவ அழுவ மாட்டான். எந்திரிச்சி நின்னு வாயால சொல்லு. பதினோரு வூட்டுக்காரங்க மூஞ்சியப் பாத்து சொல்லு. பத்து வூட்டுக்காரங்களுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது" என்றது. சொன்னால் மேடைக்கு வரும், நீ கொடுக்கிற புத்தகத்தை வாங்கிக்கொள்ளும். சொல்லாவிட்டால் வராது. வேன் அனுப்பினாலும் வராது.

அதனால் இரண்டு காரியம். கட்டுரையை என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது, அது உன் எழுத்து. நான் கேட்பது, முட்டியை அதற்குச் சொந்தமானவளிடம் கொடுத்துவிடு, தெருவைக் காப்பாற்றியது என்ற வரியை எடுத்துவிடு. அதனால் கட்டுரை சப்பென்று ஆகிவிட்டால் ஆகட்டும். இந்தக் கடிதத்தை வெளியீட்டுக் கூட்டம் முடிந்தபிறகு யாருக்கு வேண்டுமானாலும் காட்டு, அதற்கு முன்னால் ஒருவருக்கும் காட்டாதே. இரண்டாவது, அன்றைக்கு உனக்கு முன்னால் நான் பேச வேண்டும். நீ முதலில் பேசினால் ஜனங்கள் கைதட்டிவிடுவார்கள், அப்புறம் எனக்கு வாய் வராது. நேற்று ரயிலில் வரும்போதே என்ன பேசுவது என்று மனதுக்குள் ஓட்டிப்பார்த்தேன். முதல் வாக்கியம் அழகாக வந்தது. இரண்டாவது வாக்கியத்தில் என் குரல் கம்மியது, எதிர் சீட்டில் இருந்த பெண்பிள்ளை என்னைப் பாவமாகப் பார்த்தாள். உடனே நிறுத்திவிட்டேன். கையில் தாள் இல்லாமல் நான் எங்கேயும் பேசியதில்லை, நைனா. அன்றைக்குத் தாள் கொண்டுவர மாட்டேன். என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. நான் அழ ஆரம்பித்தால் மைக்கை வாங்கி ஸ்டெல்லாக்காவிடம் கொடுத்துவிடு.

உன் அம்மா